கயிற்றின் மறுமுனை

வேங்கிக்காலின் புது வீட்டு வரிசைகளில் ஆதவனை ‘நாய் வாத்தியார்’ என்பார்கள். அவனுக்கு அந்தப் பெயரில் சம்மதமில்லை. “நாய்க்கு வாத்தியார் எதுக்குங்க? அது பொறந்ததுல இருந்து நம்மளப் படிச்சிக்கிட்டுத்தான் கெடக்குது. வகுப்பு வேணும்னா வீட்டுக்காரங்களுக்குத்தான்” என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

எனக்கு அவன் பல வருடப் பழக்கம். ஒல்லியான ஆள், முப்பதைத் தாண்டியவன், அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். வேலூர் சாலையில் வேங்கிக்காலைத் தாண்டி உள்ளே பிரியும் ஒரு கிராமத்தின் காலனியில் வீடு. அப்பா சுப்பன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். மகன் அரசுத் தேர்வுகளை எழுதி எழுதி ஓய்ந்து, செங்கம் சாலைப் பக்கம் ஒரு விலங்குக் காப்பகத்தில் கூண்டு கழுவப் போனபோது அவர் மகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருடைய தங்கை ஜோதியம்மாள் நிறுத்தவில்லை. “நாய் மேய்க்கவா டிகிரி வாங்கின? எங்கிட்ட கேட்டிருந்தா படிக்காமயே சேத்து விட்டிருப்பேனே” என்று தெரு கேட்கச் சொன்னாள். ஜோதியம்மாள் வேங்கிக்காலில் குப்பை வண்டி தள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. தெருநாய்களோடு அவளுக்குத் தினமும் ஒரு வழக்கு இருக்கும்.

காப்பகத்தில் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிப்போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். திமிர் பிடித்தது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆதவன் கூண்டு கழுவிக்கொண்டே கவனித்தான். சோறு வைக்கும்போது யாரும் அதைக் கூப்பிடுவதில்லை, தட்டுச் சத்தம் கேட்டே வந்துவிடும். குளிப்பாட்டவும் ஊசி போடவும் மட்டும்தான் ‘டைகர், டைகர்’ என்று குரல் கொடுத்தார்கள். நாய் சரியாகத்தான் படித்திருந்தது. அதன் அகராதியில் டைகர் என்றால் ஊசி. ஆதவன் அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘மணி’ என்று புதுப்பெயர் வைத்தான். மணி என்றால் ஈரல் துண்டு, மணி என்றால் காதுக்குப் பின்னால் சொறிதல். குளிப்பாட்ட வேண்டிய நாளில் கூப்பிடவே மாட்டான், தானே நடந்து போய் அழைத்து வருவான். அந்த மாதத்துக்குள் காப்பகத்தின் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் மணி பறந்து வந்தது.

அன்றிலிருந்து அவன் தொழில் இதுதான். சட்டைப் பையில் சின்ன டப்பா, அதில் வேகவைத்த கோழி ஈரல். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்த வீட்டு நாய் அவன் பையை முகர்ந்தபடி கூடவே உட்கார்ந்துகொண்டதாம். “மாப்ளைய நாய்க்குப் புடிச்சிருக்குது, பொண்ணுக்குத்தான் புடிக்கல” என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள்.

அவன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். நாயின் பின்பகுதி தரையைத் தொடும் அந்தக் கணத்தில் நாக்கால் ஒரு சொடுக்கு. பிறகு நிதானமாக ஈரல். “சொடுக்குதான் போட்டோ புடிக்கற மாதிரி. எந்த நொடியில புடிக்கறோமோ அதுதான் அதுக்குப் பாடம்” என்பான். வீட்டுக்காரர்கள் நாய் உட்கார்ந்த பிறகு பையைத் துழாவுவார்கள். அதற்குள் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்குத் தின்பண்டம் கிடைக்கும். எழுந்திருப்பதை அருமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, உட்காரவே மாட்டேங்குது என்று குறைப்படுவார்கள். ஒருவர் ‘சிட்’ என்பார், இன்னொருவர் ‘உக்காரு’, மூன்றாமவர் ‘உக்காருடா கண்ணு, உக்காரு, உக்காருன்னு சொல்றேன்ல’. வேங்கிக்காலில் நாயோடு மட்டும் இங்கிலீஷ் பேசும் வீடுகள் ஜாஸ்தி. சாப்பிடும்போது நாய்க்குப் போட வேண்டாமென்று எல்லோரும் உறுதியாக இருக்க, ஒரே ஒருவர் எப்போதாவது மேசைக்கடியில் இட்லி தள்ளினால் போதும். எப்போதாவது கிடைப்பதற்காகத்தான் நாய் எப்போதும் காத்திருக்கும். மனிதர்களின் சீட்டாட்டமும் அதே கதைதான் என்பான்.

பைரவ் கதை ஒரு கடியில் ஆரம்பித்தது.

சின்னசாமி அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். மகன் சரவணகுமார் சென்னையில் இருந்தார், விடுமுறைக்கு வந்துபோவார். மருமகள் வினோதினி இங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. வீட்டில் ஒரு கறுப்பு நாய், லேப்ரடார் கலப்பு. கறுப்பாக இருந்ததால் பைரவ் என்று பெயர். சின்னசாமி பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிறவர். வழி நெடுக தெருநாய்களுக்கு பிஸ்கட் போட்டு, பைரவரே என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர். பைரவ் சிலரைப் பார்த்தால் மட்டும் வெறிகொண்டு குரைக்கும். அதில் அவருக்குப் பெருமை. “எல்லாரையும் குரைக்காது. ஆளப் பாத்து எடை போட்டுரும். அது நாயில்ல, சாமி அம்சம்” என்பார்.

அந்த சாமி அம்சம் ஒரு காலையில் குப்பை வாங்க வந்த ஜோதியம்மாளின் கெண்டைக்காலைக் கவ்வியது.

தடுப்பூசிக்கு அவளை வினோதினிதான் அழைத்துப் போனாள். வாசலில் நின்ற சின்னசாமி கேட்டது, “நீ என்ன பண்ண அத?” குப்பை வண்டிக்காரர்கள் அந்தத் தெருவுக்கே வரமாட்டோம் என்றார்கள். சரவணகுமார் சென்னையிலிருந்து போனில் தீர்ப்புச் சொன்னார்: இன்னொரு கடி விழுந்தால் ஊசி போட்டு முடித்துவிடுவது. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று வினோதினி தேடிப் பிடித்ததுதான் ஆதவனின் எண்.

முகவரி கேட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, அத்தையைக் கடித்த நாய். கோபத்தோடுதான் அத்தையிடம் சொன்னான். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “போய்ப் பாரு. அத சாவடிச்சா எங்காலு ஆறிடுமா? வாயில்லா ஜீவன், அதுக்கு இன்னா கஷ்டமோ.”

பைரவ் முதல் நாளே அவன் மடியில் தலை வைத்தது. இதுவா கடித்தது என்று அவனால் நம்ப முடியவில்லை. யார் யாரைப் பார்த்துக் குரைக்கிறது என்று விசாரித்தான். குப்பை வண்டிப் பெண்கள், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவர்கள், ஒரு கூரியர்காரர். மின்சார ரீடிங் எடுப்பவரையும், இன்சூரன்ஸ் ஏஜெண்டையும், உறவினர்களையும் அது வாலாட்டி வரவேற்றது. சீருடை பயமா? ஒரு பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தான். நக்கியது. துடைப்பமா? அதைக் கடித்து விளையாடியது. குப்பை வண்டியின் சத்தமா? வண்டியை உருட்டிக் காட்டினான், கண்டுகொள்ளவே இல்லை. குழப்பமாக இருந்தது. ஆனாலும் வேலையை ஆரம்பித்தான். வினோதினி கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, குப்பை வண்டி தூரத்தில் வரும்போதே சொடுக்கு, ஈரல். அடுத்த நாள் கொஞ்சம் பக்கத்தில். நாய் உடம்பை விறைக்கும் தூரத்துக்கு ஒருபோதும் கொண்டுபோகாமல், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவான். மழைக்காலம் முடிவதற்குள், வண்டி வாசலில் நின்றாலும் பைரவ் வினோதினியின் முகத்தைப் பார்த்து வாலாட்டியது.

சின்னசாமிக்கு மகிழ்ச்சி. “தம்பிக்குக் கைராசி” என்றார். வரும்போதெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு யார் புதிதாக வந்தாலும் ஊரைக் கேட்பார், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார், அப்பா பெயரைக் கேட்பார். ஆதவனை வினோதினி அழைத்து வந்ததால் அந்தக் கேள்வி எப்படியோ விட்டுப்போயிருந்தது. ஒருநாள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

“தம்பி எந்த ஊரு?”

சொன்னான்.

“அட, நம்ம பக்கம்தான். ஊர்ல எந்தத் தெரு?”

“காலனி சார். பைரவ் கடிச்சுதே ஜோதியம்மாள், அவங்க எங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்க.”

சின்னசாமி முகத்தைத் திருப்பித் தெருக்கோடியில் தெரிந்த மலையைப் பார்த்தார். “அதனால என்னப்பா. இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்கறாங்க” என்றார். ஆதவன் எதையும் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கவில்லை. அடுத்த முறை காபி பேப்பர் கப்பில் வந்தது. தம்பி என்ற சொல்லும் வாசலோடு நின்றுவிட்டது.

இதெல்லாம் அவனுக்குப் புதிதில்லை. நமக்கும் புதிதில்லை. இந்த நாட்டில் டம்ளர்களுக்கு இருக்கும் ஞாபகசக்தி மனிதர்களுக்குக் கிடையாது. அதற்கு அடுத்து நடந்ததுதான் புதிது. ஆதவன் கேட்டைத் திறக்கிறான். திண்ணிய கறுப்பு உடம்போடு பைரவ் சின்னசாமியின் காலடியில் நிற்கிறது. கயிறு அவர் கையில். நாயின் வால் ஆடுகிறது, ஆனால் காதுகள் பின்னால் மடிகின்றன. அதற்கடுத்த முறை வால் ஆடவில்லை. அதற்கும் அடுத்த முறை, மடியில் தலை வைத்துத் தூங்கிய அதே நாய், அவன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது.

அன்று அவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். டப்பாவை மேசைமேல் வைத்தான். அவனை எத்தனையோ நாய்கள் கடித்திருக்கின்றன, அவன் அந்த டப்பாவைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

“அதே சட்டை. அதே ஈரல். அதே ஆளு. எங்கிட்ட எதுவுமே மாறல” என்றான். “மாறினது ஒண்ணே ஒண்ணு. அவருக்குத் தெரிஞ்சது.”

சாதி ரத்தத்தில் இருக்கிறது, வாசனையில் இருக்கிறது என்று சொல்கிறவர்களோடு வாதாடியே கிழவனானவன் நான். என் முன்னால் ஒரு நாய், மனிதனின் அப்பா பெயர் தெரிந்தபின் அவனைப் பார்த்து உறுமியிருக்கிறது.

ஆதவன் வினோதினியிடம் கேட்டபோது அவள் யோசித்துச் சொன்னாள், “அந்தக் கூரியர்காரரும் அப்படித்தான். மொதல்ல அவர் கையத்தான் நக்கிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் மாமா நிறுத்தி ஊர் பேரு விசாரிச்சாரு, அன்னையிலருந்து…” அவளே அந்த வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

ஆதவன் ஒரு சோதனை வைத்தான். காப்பகத்தில் அவனோடு வேலை பார்த்த இளஞ்செழியனை அழைத்துப் போனான். சின்னசாமி கேட்டருகே கயிற்றோடு நின்றிருந்தார். வினோதினி வாசற்படியில். பைரவ் புதியவனைப் பார்த்து லேசாக வாலாட்டியது.

“யாருப்பா இது?”

“என்கூட வேலை செய்யறவன் சார்.”

“எந்த ஊரு?”

“ஆதவன் ஊருதான் சார்” என்றான் இளஞ்செழியன். “அவன் தெருவேதான்.”

ஆதவன் நாயைப் பார்க்கவில்லை. அவர் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொங்கிக்கொண்டிருந்த கயிறு உள்ளங்கையில் ஒரு சுற்று ஏறியது. தோள் அரை விரல் உயர்ந்தது. மூச்சு நின்றது. கழுத்துப் பட்டை இறுகியதும் பைரவ் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது, பிறகு இளஞ்செழியனைப் பார்த்தது, உறுமியது.

“பாத்தியா?” என்றார் சின்னசாமி. “நான் ஒண்ணுமே பண்ணல. அதுக்கே தெரியுது.”

இளஞ்செழியன் கையைக் கூப்பினான். “மாமா, மன்னிச்சிக்கணும். நான் கலசபாக்கம் ராஜமாணிக்கம் பையன். உங்க பெரிய மச்சான் ராஜேந்திரனுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மகன். போளூர் கல்யாணத்துல நீங்கதான எனக்கு எல போட்டீங்க?”

சின்னசாமி உற்றுப் பார்த்தார். முகம் அடையாளம் கண்டது. உதட்டில் தன்னையறியாமல் ஒரு சிரிப்பு வந்தது, தோள் இறங்கியது, உள்ளங்கையில் இருந்த சுற்று அவிழ்ந்து கயிறு தொங்கியது. பைரவின் உறுமல் பாதியில் அறுந்தது. அது நடந்து போய் இளஞ்செழியனின் கையை நக்கியது.

வினோதினி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“சார்,” என்றான் ஆதவன். குரலில் கோபம் இல்லையாம், பிறகு கேள்விப்பட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. “இதுக்கு மோப்பத்துல ஒண்ணும் தெரியல. உங்க கைதான் சொல்லுது. கயிறு இறுகுது, ஏதோ ஆபத்துனு அது நெனைக்குது, குரைக்குது. குரைச்சதும் எதிர்ல இருக்கறவன் பின்னாடி போறான். உங்க கை தளருது. அப்புறம் சபாஷ் பைரவானு பிஸ்கட் வேற போடறீங்க. ரெண்டு பரிசு. எங்கிட்ட உறுமறதுக்கு மட்டும் கொஞ்ச நாளாச்சு, ஏன்னா எம்மேல அதுக்குப் பாசம். அதையும் உங்க கயிறு ஜெயிச்சிருச்சு.”

“நான் எதையும் சொல்லிக் குடுக்கல” என்றார் அவர். அது பொய்யில்லை. அதுதான் அதிர்ச்சி. ஒரு நல்ல பயிற்சியாளன் வருடக்கணக்கில் கற்றுக்கொள்ள முயலும் எல்லாமே அவரிடம் இருந்தன. ஒருமுறைகூடத் தவறாத ஒழுங்கு. கணம் பிசகாத நேரம். குரல்கூட இல்லாத சைகை. ஒருநாள் கடுமை, ஒருநாள் சலுகை என்ற பேச்சே கிடையாது. அவருக்கும் அப்படித்தான் யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு குழந்தையின் கையைப் பிடித்துத் தெருவில் நடந்தபோது. “என்னவிட நல்ல ட்ரெய்னர் அவரு” என்று ஆதவன் என்னிடம் சொன்னபோது அதில் கிண்டல் இல்லை.

சின்னசாமியின் முகம் சிவந்திருந்தது. அவமானம் ஒரு மனிதனுக்குள் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அறிவாக மாறும். அவர் நிற்க விடவில்லை. “எங்க வாசல்லயே நிக்க வச்சு எனக்கே வேடிக்க காட்றியா? போப்பா. நீ இனிமே வரவேணாம்.”

வினோதினி பள்ளிக்குப் போகும் நேரங்களில் நாய் அவர் கையில்தான் இருந்தது. மழைக்காலம் முழுக்கக் கட்டியெழுப்பியது கண்ணெதிரே சரிந்தது. கோடை தொடங்குவதற்குள் பைரவ் சிலிண்டர்காரரின் மணிக்கட்டைக் கிழித்தது. சரவணகுமார் போனில் ஒரே வார்த்தை சொன்னார். சின்னசாமி ஒரு டாக்டரிடம் பேசி, காலையில் வந்து ஊசி போட ஏற்பாடு செய்தார். செய்துவிட்டு நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அந்த அழுகையில் போலித்தனம் இல்லை என்று வினோதினி சொன்னாள். நான் நம்புகிறேன்.

அவள்தான் ஆதவனுக்குச் சொன்னது. விடிந்ததும் வந்து கேட்டருகே நின்றான்.

“சார், எங்கிட்ட குடுத்துடுங்க. நான் வளத்துக்கறேன். கடிக்காம நான் பாத்துக்கறேன். கடிச்சா நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

சின்னசாமி தலை நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. “எங்க வளப்ப?”

“எங்க வீட்லதான்.”

“காலனிலயா?”

“ஆமா சார்.”

“எங்க வூட்டுச் சோறு தின்ன நாயி” என்றார் அவர். மெதுவாக, விளக்கிச் சொல்லும் குரலில். “அது அங்க போய் தெருத்தெருவா தின்னறதா? வேணாம்பா. அது போய்ச் சேரட்டும். மரியாதையா போகட்டும்.”

இதை நான் இரண்டு பேரிடமிருந்து தனித்தனியாகக் கேட்டேன். சொல் மாறவில்லை. கிரிவலப் பாதையில் தெருநாய்களை பைரவர் என்று கும்பிட்ட வாய் அது. உயிரோடு காலனியில் இருப்பதைவிட மரியாதையோடு செத்துப்போவது அந்த நாய்க்கு நல்லது என்று முடிவு செய்தது. படிக்கிற உங்களுக்கு ஏதாவது தோன்றினால், காலனிப் பையனைக் காதலித்த பெண்ணுக்கும் இதே வாக்கியம் எத்தனை வீடுகளில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

வினோதினி உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிக்குக் கிளம்பிய புடவையில் இருந்தாள். எதுவும் பேசாமல் தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். “எங்க கூட்டிட்டுப் போற?” என்று மாமனார் கேட்டார். “வாக்கிங் மாமா” என்றாள். நாயை ஸ்கூட்டரின் முன்பக்கம் ஏற்றினாள். ஆதவன் தன் வண்டியில் முன்னால் போனான். காலனி முனையில் கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, “இது உயிரோட இருந்தா எனக்குப் போதும்” என்று சொல்லிப் பள்ளிக்குப் போய்விட்டாள். அன்று மாலை வீட்டில் அவள் என்ன பேச்சு வாங்கினாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

தெரு சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. ஜோதியம்மாளைக் கடித்த நாய் என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் ஓடுகிற தெரு. ஒருத்தரைத் தொட்டால்கூட அன்றே தெருவைவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். ஆதவன் ஒப்புக்கொண்டான். பைரவுக்கு எஞ்சியிருந்த ஆயுள் அந்த வாக்குறுதியின் நீளம்தான்.

அவன் அவசரப்படவில்லை. கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு, மார்போடு அணியும் வார் போட்டான், கழுத்தில் இறுக்கமே தெரியாதபடி. கயிறு எப்போதும் தொங்கியது. ஒவ்வொரு வீட்டாரும் தூரத்திலிருந்து ஒரு துண்டு ஈரலை எறிந்துவிட்டு, நாயைப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்க்க வேண்டாம், தொட வேண்டாம், கொஞ்ச வேண்டாம். நெருங்குவதா இல்லையா என்பதை நாய் தீர்மானிக்கட்டும். சில வாரங்கள் கழித்துத்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கச் சொன்னான். கடைசியாக அத்தை. கடிபட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். “தின்னுடா வெள்ளந்தி. உனுக்கு இன்னா தெரியும்” என்றாள். தின்றது. அடுத்த மழைக்குள் பைரவ் அவள் வாசலிலேயே படுக்க ஆரம்பித்திருந்தது. குப்பை வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனை வரை போய் வழியனுப்பும். சுப்பன்கூட மகனோடு பேச ஆரம்பித்தார், நாய் சாப்பிட்டதா என்று கேட்பதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் சின்னசாமி. இளைத்திருந்தார். கையில் பெரிய பிஸ்கட் பொட்டலம். தெருவின் தொடக்கத்திலேயே நின்று, எங்கே கால் வைப்பது என்று தெரியாதவரைப் போலப் பார்த்தார்.

பைரவ்தான் முதலில் கண்டது. ஒரு கேவல் சத்தத்தோடு ஓடி, அவர் மேல் இரண்டு காலையும் போட்டு, முகமெல்லாம் நக்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பைரவா, பைரவா” என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். நாய்க்கு மனஸ்தாபம் கிடையாது.

ஆதவன் நாற்காலியை நகர்த்திப் போட்டான். “உக்காருங்க சார்.”

உட்கார்ந்தார். பைரவ் அவர் காலோடு ஒட்டி நின்றது. “பாக்கணும்போல இருந்துச்சு. வாரத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போறேனே” என்றார். கேட்கும் குரல்தான் அது. அதிகாரம் இல்லை.

ஜோதியம்மாள் வீட்டிலிருந்து டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். வெயிலில் வந்த மனிதர், அவ்வளவுதான் அவள் நினைத்தது. நாலு வீட்டுத் தூரம். அவள் பாதி வழி வருவதற்குள் பைரவின் முதுகு மயிர் எழுந்தது. காதுகள் மடிந்தன. தினமும் அவள் வாசலில் தூங்கும் நாய், அவள் கையிலிருந்து தின்னும் நாய், அவளைப் பார்த்து உறுமியது.

ஜோதியம்மாள் நின்றாள். டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பியது. எதிர்வீட்டில் ஒரு தாய் குழந்தையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சின்னசாமி தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் முழங்காலின் மேல் இருந்தன. வெறும் கைகள். “கயித்த நான் புடிக்கவே இல்லையே” என்றார். முதன்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது.

“கயிறு வேணாம் சார். உங்க மூச்சு போதும் அதுக்கு” என்றான் ஆதவன். “பழசு அழியறதில்ல. அதுமேல புதுசா ஒண்ணு போட்டு மூடறோம், அவ்ளோதான். நீங்க வந்து நின்னா மூடி தெறந்துக்குது.”

நாயின் மார்பு வாரில் விரலை மாட்டி, ஆனால் இழுக்காமல், அவன் தரையில் உட்கார்ந்தான். “சார், இந்தத் தெருவுல ஒருத்தர் மேல பல்லு பட்டாலும் இதோட கதை முடிஞ்சுது. அதனால சொல்றேன். இது இப்ப உங்களத்தான் பாக்குது. அத்தைகிட்ட தண்ணிய வாங்கிக் குடிங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலனு அது பாக்கணும். ஒரு தடவையில நம்பாது. அடுத்த வாரமும் வந்து குடிங்க. அப்படி வர்றதா இருந்தா எப்ப வேணாலும் வாங்க. இல்லன்னா வராதீங்க. நீங்க வந்தா இது செத்துரும்.”

ஜோதியம்மாள் உறுமும் நாயைக் கண்ணால் பார்க்காமல், பக்கவாட்டில் நடந்து வந்து டம்ளரை நீட்டினாள். ஆதவன் சொல்லிக்கொடுத்தபடியே வந்தாள்.

சின்னசாமி வாங்கிக்கொண்டார். அதைச் சொல்லிவிட வேண்டும், வாங்கிக்கொண்டார். டம்ளர் உதடு வரை போனது. நாய் அண்ணாந்து அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குடித்துவிடுவார் என்றே நான் நினைத்தேன். ஒரு வாய்த் தண்ணீர். அவர் உயிராக வளர்த்த நாய். கண்ணில் நீர் நின்றது. டம்ளரைப் பிடித்த கை என்ன செய்யப் போகிறது என்று அவருக்கே தெரியவில்லை என்பது என் எண்ணம்.

டம்ளர் கீழே இறங்கியது. பக்கத்துக் குட்டைச் சுவரின் மேல் சத்தமில்லாமல் வைத்தார்.

“இப்பதான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்” என்றார்.

அவர் எழுந்தார். பைரவின் தலையைத் தடவினார், நெடுநேரம் தடவினார். பிறகு ஆட்டோவை நோக்கி நடந்தார். பிஸ்கட் பொட்டலம் நாற்காலியிலேயே கிடந்தது. பைரவ் தெருமுனை வரை பின்னால் போனது. ஆட்டோ திரும்பி மறையும் வரை நின்றது. பிறகு திரும்பி வந்தது, முதுகு மயிர் படிந்து, வால் தாழ்ந்து, அதன் சாதாரண நடையில்.

அன்றைக்குப் பிறகு அவர் வரவில்லை. பைரவ் இன்றும் இருக்கிறது.

ஜோதியம்மாள் குட்டைச் சுவரிலிருந்த டம்ளரை எடுத்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெரு அது, எதையும் கீழே ஊற்ற மாட்டாள். நாயின் கிண்ணத்தில் சாய்த்தாள். “வாடா” என்றாள்.

பைரவ் வந்து, மடமடவென்று குடித்தது.